‘மூன்று அரசுகள்’ நாவலில் வரலாறும் விசுவாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் ஹான் பேரரசு சிதைந்த கதையைச் சொல்லும் ‘மூன்று அரசுகள்’ நாவலுக்கு மொழிபெயர்ப்பு வழியாகவும் தொலைக்காட்சித் தொடர் வழியாகவும் கணினி விளையாட்டு வழியாகவும் வந்து சேர்பவர்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பு சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லாமல் சுட்டிக்காட்டியிருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. கதையின் முடிவுகள் எல்லாம் இதில் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன.

இது எந்தக் காலத்துக் கதை? எழுதியவர் யார்?

கதை கி.பி. 184இல் மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சியோடு தொடங்கி, 280இல் ஜின் அரசு சீனாவை மீண்டும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவருவதோடு முடிகிறது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆண்ட ஹான் வம்சம் 220இல் முறைப்படி முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் வடக்கே வெய், தென்மேற்கே ஷூ, தென்கிழக்கே வூ என்று மூன்று அரசுகள் எழுந்தன.

நூலாசிரியர் என்று மரபு சொல்வது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லுவோ குவான்ஜோங்கை. நமக்குக் கிடைத்துள்ள அச்சுப் பதிப்புகளில் மிகப் பழையது 1522ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் இன்று பெரும்பாலோர் படிக்கும் 120 அத்தியாய நாவல், 17ஆம் நூற்றாண்டில் மாவோ லுன் என்பவரும் அவருடைய மகன் மாவோ சோங்காங்கும் செம்மைப்படுத்திய வடிவமாகும். நெடுநாள் பிரிந்த நாடு சேரும், நெடுநாள் சேர்ந்த நாடு பிரியும் என்ற புகழ்பெற்ற தொடக்க வரியே அவர்கள் சேர்த்ததுதான்.

இது வரலாறா, கட்டுக்கதையா? எதை நம்புவது?

நாவலுக்கு அடியில் ஓர் உண்மையான வரலாற்று நூல் இருக்கிறது. ஷூ நாட்டில் பிறந்து, அந்நாடு வீழ்ந்தபின் ஜின் அரசில் பணிபுரிந்த சென் ஷோ (233–297) எழுதிய ‘மூன்று அரசுகளின் வரலாற்றேடு’ அது. மிகவும் சுருக்கமாக எழுதப்பட்ட அந்நூலுக்கு 429இல் பெய் சோங்ஜி என்ற அறிஞர் விரிவான உரை வரைந்தார். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்படும் குறிப்புகளையும் அவர் அருகருகே எடுத்து வைத்தார். பின்னர் வந்த கதைசொல்லிகளும் நாடகக்காரர்களும் அவற்றிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

18ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜாங் ஷுவேசெங், இந்த நாவலில் ஏழு பங்கு உண்மை, மூன்று பங்கு கற்பனை என்றார். படிப்பவர்களைக் குழப்பிவிடுகிறது என்ற குறையோடுதான் அவர் அதைச் சொன்னார். எனக்கோ அந்த மூன்று பங்குதான் நாவலின் திறவுகோலாகத் தெரிகிறது. ஆசிரியர் எங்கே வரலாற்றை விட்டு விலகுகிறார் என்று கவனித்துக்கொண்டே வந்தால், பெரும்பாலும் ஒருவருடைய விசுவாசம் சோதனைக்கு உள்ளாகும் இடத்தில்தான் விலகுகிறார் என்பது புலப்படும். கீழே உள்ள பல விடைகள் இதை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

பெயர்கள் எல்லாம் குழப்புகின்றன. எத்தனை பேரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

நாவலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வருகின்றன. முதல் வாசிப்புக்கு இவர்கள் போதும்: ஷூவின் லியூ பெய், அவருடைய தம்பிகளாகக் கருதப்படும் குவான் யூ, ஜாங் ஃபெய், அமைச்சர் ஜூகே லியாங், வெய்க்கு அடித்தளமிட்ட சாவோ சாவோ, அவர் மகன் சாவோ பீ, வூவின் சுன் சுவான், கடைசியில் எல்லாவற்றையும் கைப்பற்றும் சிமா குடும்பத்தினர். மற்றவர்கள் வரும்போது அறிமுகமாகிக்கொள்வார்கள்.

ஹான் பேரரசு ஏன் விழுந்தது? நாவல் யாரைக் குற்றம் சாட்டுகிறது?

அடுத்தடுத்துச் சிறுவர்கள் அரியணை ஏறினார்கள். அவர்கள் பெயரால் தாய்வழி உறவினர்களும் அரண்மனை அலிகளும் மாறி மாறி ஆண்டார்கள். பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. 184இல் ஜாங் ஜுவே என்ற மதகுருவின் தலைமையில் வெடித்த கிளர்ச்சியை அடக்க மாகாணங்களில் படை திரட்டும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. கிளர்ச்சி அடங்கியது, படைகள் கலையவில்லை. 189இல் லிங் பேரரசர் இறந்ததும் தலைநகர் லோயாங்கில் நடந்த கொலைகளைப் பயன்படுத்திக்கொண்டு டோங் ஜுவோ என்ற எல்லைப்புறத் தளபதி படையோடு நுழைந்தான். இருந்த சிறுவனை இறக்கிவிட்டு, இன்னொரு சிறுவனை ஏற்றினான். அவர்தான் கடைசி ஹான் பேரரசரான ஷியான்.

நாவல் இதையெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே ஒரு காட்சியாக்கிவிடுகிறது. லிங் பேரரசர் அரியணையில் அமரப்போகும் நேரத்தில் மண்டப மூலையிலிருந்து சூறைக்காற்று எழுகிறது. உத்தரத்திலிருந்து பெரிய பாம்பொன்று பறந்து இறங்கி அரியணையில் சுருண்டுகொள்கிறது. பேரரசர் மயங்கி விழுகிறார். குற்றத்தை நாவல் வைப்பது அந்த இருக்கையில்தான்: மேலே இருந்தவர்கள் தவறியதால்தான் கீழே இருந்தவர்கள் யாருக்கு உண்மையாக இருப்பது என்று தாங்களே முடிவு செய்யவேண்டிய காலம் வந்தது.

பீச் தோட்டத்தில் மூவரும் சபதம் செய்தது உண்மையில் நடந்ததா?

வரலாற்றேட்டில் அப்படி ஒரு காட்சி இல்லை. லியூ பெய் அவ்விருவரோடும் ஒரே கட்டிலில் உறங்கினார், உடன்பிறந்தவர்களைப் போல அன்பு பாராட்டினார், கூட்டத்தில் அவர் அமர்ந்திருக்கும்போது அவர்கள் நாள் முழுவதும் அருகில் நின்று காத்தார்கள் என்ற அளவில்தான் சென் ஷோ எழுதுகிறார்.

நாவலில் அது கறுப்பு எருதும் வெள்ளைக் குதிரையும் பலியிட்டுச் செய்யும் சபதமாகிறது. ஒரே நாளில் பிறக்கவில்லை, ஆனாலும் ஒரே நாளில் இறக்க விரும்புகிறோம் என்கிறார்கள். அதே மூச்சில், நாட்டுக்குக் கைம்மாறு செய்வோம், குடிமக்களுக்கு அமைதி தருவோம் என்றும் சொல்கிறார்கள். ஆக, முதல் அத்தியாயத்திலேயே இரண்டு கடப்பாடுகள் ஒரே சபதத்துக்குள் வந்துவிடுகின்றன. ஒன்று ஹான் அரசுக்கு, மற்றொன்று ஒருவருக்கொருவர். அவை மோதும் நாள் வெகு தொலைவில், 80ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு வருகிறது.

சாவோ சாவோ உண்மையிலேயே இவ்வளவு கெட்டவரா?

வரலாற்றுச் சாவோ சாவோ பெரும் நிர்வாகி, தேர்ந்த போர்த்தலைவர், காலத்தால் அழியாத கவிஞர். 196இல் ஆதரவின்றி அலைந்துகொண்டிருந்த பேரரசரைத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு, அவர் பெயரால் வடசீனாவை ஒன்றுசேர்த்தார். தாம் இல்லாவிட்டால் எத்தனை பேர் தம்மைத் தாமே பேரரசர் என்றும் மன்னர் என்றும் சொல்லிக்கொண்டிருப்பார்களோ என்று அவர் 210இல் ஓர் ஆணையில் எழுதியதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இறக்கும்வரை அவர் அரியணையில் ஏறவில்லை.

நாவல் அவரைக் கறுப்பாக்கும் விதத்தை லூ போஷே வீட்டுக் கொலையில் பார்க்கலாம். டோங் ஜுவோவிடமிருந்து தப்பியோடும் சாவோ சாவோ நண்பர் வீட்டில் தங்கி, ஐயத்தால் அக்குடும்பத்தைக் கொன்றது பற்றி உரையில் மூன்று குறிப்புகள் உள்ளன. ஒன்றின்படி அவ்வீட்டார்தான் முதலில் அவரைக் கொள்ளையிட முயன்றார்கள். நாவல் மிகக் கொடிய குறிப்பை எடுத்துக்கொண்டு, மேலும் சேர்க்கிறது. விருந்தாளிக்காக மது வாங்கிக்கொண்டு கழுதைமேல் திரும்பிவரும் முதியவரையும் அவர் வெட்டுகிறார். பழைய குறிப்பில், பிறர் எனக்குத் துரோகம் செய்வதைவிட நான் பிறருக்குச் செய்வதே மேல் என்று வருத்தத்தோடு சொல்பவர், நாவலில் உலகத்துக்கே நான் துரோகம் செய்தாலும் சரி, உலகம் எனக்குச் செய்யக்கூடாது என்கிறார். அதைக் கேட்டு அதிர்ந்து விலகிச்செல்லும் சாட்சியாக சென் கோங் என்பவரையும் நாவல் அங்கே நிறுத்துகிறது. வரலாற்றில் அவர் அவ்விடத்தில் இல்லை.

ஆயினும் நாவல் நேர்மையானது. 200இல் குவான்டூ போரில் வென்றபின், தம் ஆட்களே எதிரிக்கு இரகசியமாக எழுதிய கடிதங்கள் கையில் கிடைத்தபோது சாவோ சாவோ அவற்றைப் படிக்காமலே எரித்ததை அது மறைக்கவில்லை. எதிரி வலிமையாக இருந்தபோது எனக்கே என்மீது நம்பிக்கை இல்லை, மற்றவர்களைக் கேட்பானேன் என்கிறார் அவர். துரோகத்தை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட இன்னொரு தலைவர் இந்த நூலில் இல்லை.

லியூ பெய் உண்மையிலேயே அரச குடும்பத்தவரா?

ஹான் பேரரசர் ஜிங்கின் மகனான லியூ ஷெங்கின் வழி வந்தவர் என்று வரலாற்றேடு சொல்கிறது. ஆனால் அந்த முன்னோர் வாழ்ந்து மூன்று நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. லியூ பெய்யோ தந்தையை இழந்து, தாயோடு செருப்பும் பாயும் பின்னி விற்று வளர்ந்தவர். நாவலில் பேரரசரே வம்சாவளி ஏட்டை எடுத்துவரச் செய்து, தலைமுறை தலைமுறையாகப் படிக்கக் கேட்டு, அவரைச் சித்தப்பா முறையில் ஏற்கிறார். அது கற்பனை. பாய் பின்னியவருக்கு அரசுரிமை உண்டா என்ற கேள்வியை நாவல் உணர்ந்தே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

நாவல் ஏன் இவ்வளவு வெளிப்படையாக ஷூவின் பக்கம் நிற்கிறது?

சென் ஷோ வெய்யைத்தான் முறையான அரசாக வைத்து எழுதினார். ஏனென்றால் அவர் பணிபுரிந்த ஜின், வெய்யிடமிருந்து அரியணையைப் பெற்றது. 1084இல் தம் பெருவரலாற்றை முடித்த சிமா குவாங்கும் வெய்யின் ஆண்டுக்கணக்கையே பின்பற்றினார். அவர் வாழ்ந்த வட சோங் அரசும் 960இல் இன்னோர் அரசிடமிருந்து அதே வழியில் பதவி பெற்றதுதான். 1127இல் வடபகுதியைப் பறிகொடுத்துத் தெற்கே சுருங்கிய சோங் அரசின் அறிஞர்களுக்கோ, ஒரு மூலையில் இருந்துகொண்டு மரபைக் காத்த ஷூவின் நிலைமை தங்கள் நிலைமையாகவே தெரிந்தது. மெய்யியலாளர் ஜூ ஷியின் பள்ளி ஷூவையே முறையான வாரிசு ஆக்கியது.

அறிஞர்களுக்கு முன்பே மக்கள் பக்கம் எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 11ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சூ ஷி ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார்: குறும்புக்காரப் பிள்ளைகளைப் பெற்றோர் காசு கொடுத்துக் கதை கேட்க அனுப்புவார்கள், லியூ பெய் தோற்றார் என்று கேட்டால் பிள்ளைகள் முகம் சுளித்து அழுவார்கள், சாவோ சாவோ தோற்றார் என்றால் துள்ளிக் குதிப்பார்கள்.

குவான் யூ எதிரியிடம் போய்ச் சேர்ந்து போரிட்டாரே, அது துரோகம் இல்லையா? பிறகு ஏன் அவரைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள்?

200ஆம் ஆண்டில் லியூ பெய் தோற்று ஓடியபோது குவான் யூ சாவோ சாவோவிடம் பிடிபட்டார் என்பதும், அவருக்காகப் போரிட்டு யான் லியாங் என்ற தளபதியைக் கொன்றார் என்பதும் வரலாறு. அவருடைய மனநிலையை அறிந்துவரச் சாவோ சாவோ அனுப்பிய ஜாங் லியாவோவிடம், அவர் என்னை நன்றாக நடத்துவது தெரியும், ஆனால் லியூ பெய்யோடு சேர்ந்து சாவதாகச் சொல் கொடுத்திருக்கிறேன், இங்கே தங்கமாட்டேன், செய்த நன்மைக்கு ஈடு செய்துவிட்டுத்தான் போவேன் என்று அவர் சொன்னதும் வரலாற்றில் உள்ளது. பரிசுகளை எல்லாம் முத்திரையிட்டு வைத்துவிட்டு அவர் கிளம்பியபோது, ஒவ்வொருவரும் தம் தலைவருக்காகச் செய்கிறார்கள், விரட்டாதீர்கள் என்றார் சாவோ சாவோ. இது வரலாறு சாவோ சாவோவுக்குச் சேர்க்கும் பெருமை.

இவ்வளவு உறுதியான அடித்தளம் இருந்தும் நாவலுக்கு அது போதவில்லை. பிடிபட்டார் என்ற சொல் உறுத்துகிறது. ஆகவே 25ஆம் அத்தியாயத்தில் அவர் ஒரு குன்றின்மேல் நின்றுகொண்டு மூன்று நிபந்தனைகள் வைக்கிறார்: தாம் பணிவது ஹான் பேரரசருக்கே, சாவோ சாவோவுக்கு அல்ல, லியூ பெய்யின் மனைவியரை யாரும் அணுகக்கூடாது, லியூ பெய் இருக்கும் இடம் தெரிந்த அன்றே புறப்பட்டுவிடுவேன். சாவோ சாவோ புதுப் பட்டு அங்கி தந்தால், அதை உள்ளே அணிந்து, லியூ பெய் தந்த பழைய அங்கியை மேலே போட்டுக்கொள்கிறார். பொன்னுக்கும் பெண்களுக்கும் வணங்காதவர் ‘செம்முயல்’ என்ற குதிரையைக் கொடுத்ததும் வணங்குகிறார். அண்ணன் இருக்குமிடம் தெரிந்தால் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அவர் சொல்லும் காரணம். அதைக் கேட்ட சாவோ சாவோ கொடுத்ததற்காக வருந்துகிறார்.

தமிழ் வாசகர்கள் இங்கே செஞ்சோற்றுக் கடனை நினைத்துக் கர்ணனோடு ஒப்பிடுகிறார்கள். ஆனால் கர்ணனைப் பிணைத்தது ஒரே சோறு. குவான் யூ சோறு போட்ட இருவருக்கும் கடன்பட்டு, இரண்டையும் அடைக்க முயல்கிறார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனர் கடைகளில் செந்நிற முகமும் நீண்ட தாடியுமாக இருக்கும் உருவம் இவருடையதுதான். வணிகர்கள் இவரை வணங்குவது சொன்ன சொல்லும் வாங்கிய கடனும் தவறாதவர் என்பதால்.

அப்படியானால் ஹுவாரோங் பாதையில் சாவோ சாவோவைத் தப்பவிட்டது சரியா?

208இல் செங்குன்றுப் போரில் கப்பற்படை எரிந்து, சாவோ சாவோ ஹுவாரோங் வழியாகச் சேற்றில் தப்பியோடியது உண்மை. அங்கே குவான் யூ காத்திருந்தது கற்பனை. மேலே சொன்ன நன்றிக்கடன் ஹான் அரசுக்கான கடமையோடு நேருக்கு நேர் நிற்கவேண்டும் என்பதற்காகவே ஆசிரியர் அவரை அங்கே நிறுத்துகிறார். தப்பவிட்டால் தலையைத் தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர் அவர். எதிரே நனைந்து, பசித்து, குளிரில் நடுங்கும் வீரர்கள். சாவோ சாவோ பழைய நாட்களை நினைவூட்டுகிறார். குவான் யூ குதிரையைத் திருப்பிக்கொள்கிறார்.

நாட்டின் கண்ணோட்டத்தில் இது பெரும் குற்றம். அன்றே கதை முடிந்திருக்கலாம். நாவல் அதைக் குற்றம் என்று ஒப்புக்கொண்டு, அதற்காகவே அவரை உயர்த்துகிறது. மாவோ சோங்காங் இந்நூலில் ஒப்பற்றவர்கள் மூவர் என்கிறார்: அறிவில் ஜூகே லியாங், அறநெறியில் குவான் யூ, வஞ்சகத்தில் சாவோ சாவோ. ஒப்பற்ற அறநெறியாளர் ஒப்பற்ற வஞ்சகரைத் தப்பவிடும் காட்சியை நான் இந்த நாவலின் உச்சம் என்றே கருதுகிறேன்.

எல்லோரும்தான் கட்சி மாறினார்கள். லூ பூ என்ற தளபதியை மட்டும் ஏன் இப்படித் திட்டுகிறார்கள்?

நியாயமான கேள்வி. லியூ பெய்யின் தளபதி ஜாவோ யுன் முதலில் கோங்சுன் சான் என்ற தலைவரிடம் இருந்தவர். ஜாங் லியாவோ பல தலைவர்களிடம் இருந்துவிட்டு, லூ பூ வீழ்ந்தபின் சாவோ சாவோவிடம் வந்தவர். யாரும் அவர்களைக் குறை சொல்வதில்லை. நல்ல பறவை மரத்தைத் தேர்ந்து அடையும், நல்ல அமைச்சன் தலைவனைத் தேர்ந்து பணிவான் என்பது அக்காலத்தில் எல்லோரும் ஒப்பிய நீதி. அந்த வாக்கியத்தை நாவல் 3ஆம் அத்தியாயத்தில், லூ பூவுக்குக் குதிரையும் பொன்னும் காட்டி மயக்கவரும் தூதன் வாயில் வைக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

லூ பூவின் குற்றம் மாறியதில் இல்லை. தந்தையாக ஏற்ற இருவரைத் தம் கையால் கொன்றதில் இருக்கிறது. டிங் யுவானைக் குதிரைக்காகவும், டோங் ஜுவோவை தியாவ்சான் என்ற பெண்ணுக்காகவும் கொல்கிறார். தியாவ்சான் கற்பனைப் பாத்திரம்; டோங் ஜுவோவின் பணிப்பெண் ஒருத்தியோடு லூ பூவுக்கு இருந்த உறவைத்தான் வரலாறு சொல்கிறது. கடைசியில் கட்டுண்டு கிடக்கும்போது, சாவோ சாவோவுக்குத் தாம் பயன்படுவதாக அவர் கெஞ்ச, அந்த இருவரையும் மறந்துவிட்டீர்களா என்று லியூ பெய் சாவோ சாவோவிடம் கேட்கிறார். அவ்வளவுதான், கதை முடிந்தது. இந்த வாக்கியம் வரலாற்றிலேயே இருக்கிறது.

இந்த நாவலில் விசுவாசம் ஆண்களுக்கு மட்டும்தானா?

விலையைப் பெண்களே அதிகம் கொடுக்கிறார்கள். 19ஆம் அத்தியாயத்தில் லியூ ஆன் என்ற வேடன், தேடிவந்த லியூ பெய்க்குக் கொடுக்க இறைச்சி கிடைக்காமல் தன் மனைவியைக் கொன்று சமைத்துப் பரிமாறுகிறான். நாவல் அதைப் பற்றோடு செய்த செயலாகச் சொல்லிக் கடந்துபோகிறது. கதை ஓட்டத்துக்கும் அது தேவையில்லை. இதற்குக் காலத்தையும் மரபையும் காரணம் காட்டி நியாயம் சொல்லிப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

மறுபக்கத்தில் சாவோ சாவோவின் மகள் இருக்கிறார். அவர் ஷியான் பேரரசரின் இரண்டாம் பட்டத்தரசி. 220இல் அண்ணன் சாவோ பீயின் ஆட்கள் அரச முத்திரையைக் கேட்டு வந்தபோது, பலமுறை மறுத்து, கடைசியில் அதை வீசி எறிந்து, வானம் உங்களுக்கு அருளாது என்று அழுதார் என்று ஹான் வரலாறு கூறுகிறது. நாவலின் பழைய பதிப்பு அவரை அண்ணன் பக்கம் பேச வைத்திருந்தது. மாவோ சோங்காங் அதைத் திருத்தி வரலாற்றோடு ஒட்டவைத்தார். பிறந்த வீட்டின் வெற்றியைப் புகுந்த வீட்டுக்காகச் சபித்த அவருக்கு இன்னும் சில பக்கங்கள் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஹானுக்கு விசுவாசி என்கிறார்கள். லியூ ஜாங்கும் ஹான் குடும்பத்தவர்தானே, அவர் நாட்டை லியூ பெய் பிடுங்கியது எப்படி நியாயம்?

நியாயம் இல்லை என்பது என் கருத்து. நாவலுக்கும் உள்ளூர அது தெரியும். பின்னாளில் ஷூவாக மாறிய பகுதியை ஆண்ட லியூ ஜாங், 211இல் லியூ பெய்யை விருந்தாளியாக அழைத்தார். 214இல் விருந்தாளி வீட்டுக்காரரானார். அழைக்கவேண்டாம் என்று தடுக்க, வாங் லெய் என்ற அதிகாரி நகர வாயிலில் தம்மைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு முறையிட்டார். நாவலில் அவர் கையாலேயே கயிற்றை அறுத்து விழுந்து இறக்கிறார். இந்தப் போரில் விசுவாசத்தின் தூய உருவம் தோற்ற பக்கத்தில்தான் இருக்கிறது.

லியூ பெய்யின் தயக்கத்தை நாவல் விரிவாகக் காட்டுகிறது. ஆனால் அவர் குடித்திருந்த ஒரு விருந்தில் உண்மை வெளியே வருகிறது. இன்று மகிழ்ச்சியான நாள் என்று அவர் சொல்ல, பிறர் நாட்டைப் பிடித்து மகிழ்வது அருளாளரின் போர் ஆகாது என்று அவருடைய ஆலோசகர் பாங் தோங்கே சொல்லிவிடுகிறார். லியூ பெய் சினந்து அவரை வெளியேற்றி, பிறகு வருந்தி அழைத்துக்கொள்கிறார். இதை நாவல் வரலாற்றிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. லியூ பெய்யின் பெருந்தன்மையைக் காட்டப்போய் நாவல் அவரைப் பாசாங்குக்காரர்போல ஆக்கிவிட்டது என்று 20ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் லூ ஷுன் குறை சொன்னதற்கு இத்தகைய அத்தியாயங்களே காரணமாக இருக்கவேண்டும்.

சாவோ சாவோவிடம் இருந்துகொண்டே ஹானுக்கு விசுவாசமாக இருக்க முடியுமா?

சாவோ சாவோவின் ஆலோசகர் ஷுன் யூ அதற்குத்தான் முயன்றார். பேரரசரைக் காப்பாற்றச் சொல்லி 196இல் சாவோ சாவோவுக்கு அறிவுரை கூறியவர் அவர். சாவோ சாவோ கோமகன் பட்டம் ஏற்க முற்பட்டபோது எதிர்த்தார், 212இல் இறந்தார். கவலையால் இறந்தார் என்கிறது வரலாற்றேடு. சாவோ சாவோ அனுப்பிய உணவுப் பெட்டியைத் திறந்தபோது அது காலியாக இருந்தது, உடனே நஞ்சுண்டார் என்கிறது உரையில் உள்ள ஒரு குறிப்பு. நாவல் அதையே எடுத்துக்கொள்கிறது.

தம்பியின் சாவுக்குப் பழிவாங்க வூ மீது படையெடுத்ததில் லியூ பெய் எல்லாவற்றையும் இழந்தார். அது முட்டாள்தனம் இல்லையா?

பீச் தோட்டச் சபதம் பற்றிய விடையில் சொன்ன மோதல் இதுதான். சுன் சுவானின் ஆட்களால் குவான் யூ கொல்லப்பட்டார். அதிலிருந்து ஓராண்டுக்குள் சாவோ பீ ஹான் அரியணையைப் பறித்தார். 221இல் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்ட லியூ பெய் முதலில் திரும்பவேண்டியது எந்தப் பக்கம்? ஹானைக் கவிழ்த்தவன்மீதான பகை பொதுப்பகை, சகோதரர் பகை தனிப்பகை என்று நாவலில் ஜாவோ யுன் தெளிவாக எடுத்துரைக்கிறார். தம்பிக்காகப் பழிவாங்காவிட்டால் பல்லாயிரம் காதம் நாடிருந்தும் அதற்கு என்ன மதிப்பு என்கிறார் லியூ பெய். அறிவு முழுவதும் ஜாவோ யுன் பக்கம் இருக்கிறது.

போர் தொடங்கும் முன்பே ஜாங் ஃபெய் தம் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். 222இல் யீலிங்கில் படை எரிந்தது. 223இல் வெள்ளைப் பேரரசர் கோட்டையில் லியூ பெய் இறந்தார். ஒரே நாளில் சாவோம் என்ற சபதம் ஏறக்குறைய நிறைவேறிவிட்டது, நாட்டுக்குச் செய்வோம் என்ற பாதி நிறைவேறவில்லை. முட்டாள்தனம் என்று சொல்லலாம். ஆனால் அந்த மனிதர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் முதல் 80 அத்தியாயங்கள் பொய்யாகிப் போயிருக்கும். தோல்வியிலும் ஒரு செய்தி: பின்வாங்கும் வழி அடைபட்டு ஹுவாங் சுவான் என்ற தளபதி வெய்யிடம் சரணடைந்தார். அவருடைய குடும்பத்தைத் தண்டிக்கச் சொன்னவர்களிடம், நான்தான் அவருக்குத் தவறிழைத்தேன், அவர் எனக்கு இழைக்கவில்லை என்று லியூ பெய் மறுத்துவிட்டார்.

வெல்ல முடியாது என்று தெரிந்தும் ஜூகே லியாங் ஏன் திரும்பத் திரும்ப வெய்மீது போருக்குப் போனார்?

இறக்கும் தறுவாயில் லியூ பெய் அவரிடம், என் மகனுக்குத் துணைநிற்கத் தகுமானால் துணைநில், தகுதி இல்லாவிட்டால் நீயே எடுத்துக்கொள் என்றார். இது வரலாற்றுச் செய்தி. மனப்பூர்வமாகச் சொன்னாரா, கட்டிப்போடச் சொன்னாரா என்று அன்றிலிருந்து வாதிடுகிறார்கள். எப்படிச் சொல்லியிருந்தாலும், அதைக் கேட்டபின் ஜூகே லியாங்குக்கு வேறு வாழ்க்கை இருக்கவில்லை. 227இல் பேரரசருக்கு எழுதிய புகழ்பெற்ற விண்ணப்பத்தில், குடிசையில் இருந்த தம்மை மூன்றுமுறை தேடிவந்த பழைய தலைவரைத்தான் அவர் நினைவுகூர்கிறார். 234இல் பாசறையிலேயே இறந்தார். தமக்கென்று இருப்பது செங்டூவில் எண்ணூறு முசுக்கட்டை மரங்களும் சிறிது நிலமும் மட்டுமே என்று முன்பே அரசருக்குத் தெரிவித்திருந்தார்.

விலையையும் பார்க்கவேண்டும். 263இல் ஷூ வெய்யிடம் சரணடைந்தபோது ஒப்படைத்த ஏட்டில் மக்கள் 9,40,000 பேர், படைவீரர் 1,02,000 பேர், அதிகாரிகள் 40,000 பேர். ஒரு வீரனைச் சுமக்க ஏறக்குறைய ஒன்பது பேர்தான். ஒருவரின் ஒப்பற்ற விசுவாசத்தை உழவர்கள்தான் சுமந்தார்கள்.

லியூ பெய்யின் மகன் லியூ ஷான் ஏன் அவ்வளவு எளிதாகச் சரணடைந்தார்?

தலைநகரை எதிரி நெருங்கிவிட்டான், முதன்மைப் படை எல்லையில் சிக்கியிருந்தது, கியாவ் ஜோ என்ற மூத்த அறிஞர் சரணடையச் சொன்னார். லியூ ஷானின் மகன் லியூ சென் அதை ஏற்காமல், தாத்தாவின் கோயிலில் அழுது, மனைவி மக்களைக் கொன்று தாமும் மாண்டார். தளபதி ஜியாங் வெய் பொய்யாகப் பணிந்து நாட்டை மீட்கச் சூழ்ச்சி செய்து 264இல் கொல்லப்பட்டார்.

லியூ ஷானைப் பற்றி ஒரு விருந்துக் கதை உண்டு. வெற்றிபெற்ற சிமா ஜாவோ ஷூ நாட்டு இசையை இசைக்கச் செய்கிறார். உடன்வந்தவர்கள் அழ, லியூ ஷான் சிரித்து மகிழ்கிறார். ஷூ நினைவு வருகிறதா என்றால், இங்கே இன்பமாக இருக்கிறேன், நினைவே வரவில்லை என்கிறார். அழுதுகொண்டே முன்னோர் கல்லறையை நினைப்பதாகச் சொல்லுங்கள் என்று ஷீ ஜெங் என்ற உதவியாளர் சொல்லிக்கொடுக்கிறார். மறுமுறை கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டு அப்படியே ஒப்பிக்கிறார். ஷீ ஜெங் பேசுவதுபோல் இருக்கிறதே என்று சிமா ஜாவோ கேட்க, கண்ணைத் திறந்து, ஆமாம், அவர் சொன்னதுதான் என்கிறார். அறிவில்லாதவர் என்று பெரும்பாலோர் சிரிப்பார்கள். வென்றவனின் ஐயத்திலிருந்து தப்ப இதைவிட நல்ல விடை இல்லை என்பாரும் உண்டு. இவர் 271 வரை உயிரோடிருந்தார்.

சென் ஷோவே ஷூவில் பிறந்துவிட்டு எதிரி அரசுக்கு வரலாறு எழுதியிருக்கிறாரே, அவருடைய விசுவாசத்தை என்ன சொல்வது?

கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. சரணடையச் சொன்ன கியாவ் ஜோ இவருடைய ஆசிரியர். லியூ குடும்பம் தீங்கின்றித் தப்பியதும் நாட்டு மக்கள் பிழைத்ததும் கியாவ் ஜோவின் யோசனையால்தான் என்று இவர் எழுதினார். நாவல் கோழைத்தனமாகக் காட்டுவதை, அந்த நாட்டிலேயே வாழ்ந்தவர் நன்மை என்று பதிவு செய்திருக்கிறார் என்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஜூகே லியாங்மீது குடும்பப்பகையால் குறைத்து எழுதினார் என்ற பழியும் இவர்மீது உண்டு. இவர் தந்தையை ஜூகே லியாங் தண்டித்தார் என்று ஜின் வரலாறு சொல்கிறது. சூழ்நிலைக்கேற்பப் போர்த்தந்திரம் மாற்றுவது அவருடைய திறமை அன்று என்று சென் ஷோ எழுதியதையே அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் ஜூகே லியாங்கின் எழுத்துகளைத் தேடித் தொகுத்து, 24 பகுதிகளாக 274இல் ஜின் பேரரசரிடம் அளித்தவரும் இவரே. எதிரியாக இருந்த நாட்டின் அமைச்சருடைய நூலை வென்ற அரசின் அவையில் வைத்தார்.

வரலாற்றேட்டைக் கூர்ந்து படித்தால் இன்னும் தெரியும். சுன் சுவானைப் பெயர் சொல்லியே எழுதும் சென் ஷோ, லியூ பெய்யைப் பெயரால் அழைக்காமல் ‘முன்னைத் தலைவர்’ என்றே எழுதிச்செல்கிறார். வெய்யை முறையான அரசாக வைக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தபடியே, ஷூ பகுதியின் கடைசியில், ஹானின் இறுதி அரசுக்குத் துணைநின்ற அமைச்சர்களைப் புகழ்ந்து யாங் ஷி என்ற ஷூ நாட்டவர் பாடிய பாடலை முழுவதுமாகச் சேர்த்து, அதில் வரும் பெயர்களுக்குக் குறிப்பும் எழுதி வைத்தார்.